ஆலையையே அறுத்துக்கொண்டு போனார்கள்! உங்கள் கடை மிஷின் எம்மாத்திரம்?
கடலூர்–சிதம்பரம் வட்டார வியாபாரிகளே, உஷார்!

சிதம்பரம்:

கடையை மூடும்போது கல்லாப் பெட்டியைக் காலி செய்கிறோம். பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறோம்.

ஆனால் உள்ளே இருக்கும் மிஷின்?

"அதை யார் சார் தூக்கிட்டுப் போகப் போறான்? நாலு பேர் சேர்ந்தாலும் நகராதே!" என்பதுதான் பெரும்பாலான கடைக்காரர்களின் பதில்.

நாலு பேர் தூக்க முடியாத மிஷின் என்ன? நானூறு பேர் தூக்க முடியாத இரும்பையே இந்தக் கடலூர் மாவட்டத்தில் இரவோடு இரவாக அறுத்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்! அந்தக் கதையை முதலில் பாருங்கள். உங்கள் கடைக்கு வேண்டிய பாடம் அத்தனையும் அதில் இருக்கிறது.

பெரியகுப்பத்தில் நடந்தது என்ன?

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் சாலையில் பஸ்சில் போகிறவர்களுக்குத் தெரியும். கடலோரமாகப் பெரியகுப்பம் பகுதியில் வானுயர்ந்த இரும்புக் கோபுரங்களும் ராட்சத டாங்கிகளுமாக ஒரு ஆலை எழும்பியது. நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஆண்டுக்கு 60 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கப் போட்ட திட்டம். ஜெர்மனியில் மூடப்பட்ட ஆலை ஒன்றைப் பிரித்து, அந்த இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள்.

"வேலை கிடைக்கும், ஊர் பெரிசாகும்" என்று சுற்று வட்டாரமே காத்திருந்தது.

அப்போதுதான் வந்தது 'தானே'!

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ந் தேதி. விடிந்தும் விடியாத நேரம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது தானே புயல். பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து விழுந்தன. பல கிராமங்களில் கரண்ட் வரவே நாள் கணக்கில் ஆனது.

கட்டி முடியாத அந்த ஆலையும் அடி வாங்கியது. வேலை நின்றது. நின்ற வேலை மறுபடி ஆரம்பிக்கவே இல்லை. கம்பெனி கடனில் மூழ்கியது. விவகாரம் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2018ல் கம்பெனியைக் கலைக்க உத்தரவானது. பிற்பாடு ஹால்டியா பெட்ரோ கெமிக்கல்ஸ் நிறுவனம் அதை வாங்கியது.

புயல் ஒரு நாள். கொள்ளை பல வருஷம்!

இதற்கு நடுவே போன வருடங்களில் நடந்ததுதான் விஷயம்.

ஆள் நடமாட்டம் இல்லாத ஆலை. பரந்து கிடக்கும் இடம். சுற்றிலும் சவுக்குத் தோப்பு. ஒரு பக்கம் கடல். உள்ளே கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான இரும்பு, செம்புக் கம்பி, குழாய், மோட்டார்.

மர்ம ஆசாமிகள் விடுவார்களா?

முதலில் கையில் அகப்பட்டதைத் தூக்கினார்கள். பிறகு கியாஸ் கட்டர் கொண்டுவந்து அறுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் போனது. மினி லாரியில் போனது. போலீசார் பிடித்தார்கள். வழக்குப் போட்டார்கள். ஜெயிலுக்கும் அனுப்பினார்கள். மறுபடியும் கொள்ளை. 'எண்ணெய் ஆலையில் இரும்பு திருட்டு' என்பது மாவட்டச் செய்தியில் மாமூல் தலைப்பு ஆகிவிட்டது. கொள்ளையரை விரட்டிய காவலாளிகளை நோக்கி பெட்ரோல் குண்டு வீசும் அளவுக்கு விவகாரம் முற்றியது.

யோசித்துப் பாருங்கள். புயல் அடித்தது ஒரே ஒரு நாள். அது விட்டுவைத்ததை மனுஷன் வருஷக்கணக்காக அரித்தான்.

இதில் இருந்து மூன்று உண்மை தெரிகிறது.

ஒன்று: கனமான சாமான் என்பதால் திருட்டுப் போகாது என்று நினைப்பது தப்புக்கணக்கு. முழுசாகத் தூக்க முடியாவிட்டால் துண்டு துண்டாகத் தூக்குவான்.

இரண்டு: திருடனுக்கு மிஷின் வேண்டாம். அதில் இருக்கும் செம்பும் இரும்பும்தான் வேண்டும்.

மூன்று: சேதமும் திருட்டும் அண்ணன் தம்பி. முதலில் சேதம் வரும். கவனிக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் பின்னாலேயே திருட்டு வரும்.

அவனுக்கு ஆயிரம், உங்களுக்கு அரை லட்சம்!

மாவு மில் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. வயல் பம்புசெட் மோட்டாரிலும் அதேதான். நீர்மூழ்கி மோட்டாருக்குப் போகும் கேபிளிலும் அதேதான்.

திருடன் கேபிளை வெட்டுவான். ஆள் இல்லாத இடத்தில் போட்டு எரிப்பான். மேலே இருக்கும் பிளாஸ்டிக் பொசுங்கிப் போகும். உள்ளே இருக்கும் செம்பு எடைக்கு எடை காசு. அவன் கைக்கு வருவது சில ஆயிரம்தான்.

ஆனால் சொந்தக்காரருக்கு? புது மோட்டார் வாங்க வேண்டும். எலெக்ட்ரீசியனுக்குக் கூலி. மில் நாலு நாள் மூடினால் வாடிக்கைக்காரர் பக்கத்து மில்லுக்குப் போய்விடுவார். போனவர் எல்லாரும் திரும்பி வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வயல் மோட்டார் என்றால் கேட்கவே வேண்டாம். காட்டுமன்னார்கோயில் பக்கம் கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு வாரம் தண்ணீர் இல்லை என்றால் அந்தப் போகமே போச்சு!

திருடனுக்குக் கிடைத்த காசை விட, பறிகொடுத்தவருக்கு ஆன நஷ்டம் பல மடங்கு. நகைத் திருட்டுக்கும் மிஷின் திருட்டுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். நகை போனால் நகை மட்டும் போச்சு. மிஷின் போனால் பிழைப்பும் சேர்ந்து போகிறது.

காயலான் கடையில் இருக்கிறது சூட்சுமம்

திருடியவன் செம்பை வீட்டில் வைத்து அழகு பார்க்கப் போவதில்லை. விற்றாக வேண்டும். வாங்குகிறவன் இருப்பதால்தான் திருடுகிறவன் இருக்கிறான்.

காயலான் கடைக்காரர்கள் எல்லாரும் அப்படி இல்லை. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் ஏராளம். ஆனால் அர்த்த ராத்திரியில் எரித்த செம்பைக் கொண்டுவந்து பாதி விலைக்குத் தருகிறான் என்றால் அது எங்கே இருந்து வந்தது என்று தெரியாதா?

திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்கினால் வாங்கியவருக்கும் 3 வருஷம் வரை ஜெயில் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 411வது பிரிவு. 2024 ஜூலை 1ந் தேதி முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317வது பிரிவு.

இங்கிலாந்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? ரெயில் பாதைச் செம்புக் கம்பியும், சர்ச் கூரையின் ஈயத் தகடும் தொடர்ந்து களவு போனது. 2013ல் பழைய உலோக வியாபாரிகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் கடை நடத்தக் கூடாது. விற்க வருகிறவன் யார், விலாசம் என்ன என்று அத்தாட்சி பார்த்து எழுதி வைக்க வேண்டும். முக்கியமாக, ரொக்கப் பணம் கொடுத்து வாங்கவே கூடாது! காசு பாங்கி வழியாகப் போனால் திருடனின் பெயரும் கூடவே போகிறது அல்லவா?

இங்கேயும் காயலான் கடைக்காரர்கள் தாங்களாகவே ஒரு நோட்டுப் போட்டு, விற்றவர் பெயர், வண்டி நம்பர், சாமான் விவரம் எழுதி வைத்தால் நாளைக்குப் போலீஸ் கேட்கும்போது அவர்களுக்கே அது கேடயம்.

"மிஷின் நம்பர் என்ன?"

மிஷின் களவு போனதும் கடைக்காரர் ஸ்டேஷனுக்கு ஓடுவார். அங்கே நடக்கிற பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"என்னங்க காணோம்?"

"மோட்டார் ஏட்டையா. அஞ்சு எச்.பி."

"என்ன கம்பெனி? நம்பர் என்ன?"

"நம்பரா? பச்சை கலர் ஏட்டையா..."

"பில் இருக்கா?"

"வாங்கி ஆறு வருஷம் ஆச்சுங்களே!"

பச்சை கலர் மோட்டார் ஊரில் ஆயிரம் இருக்கும். நாளைக்கே ஒரு கும்பல் பிடிபட்டு, பத்து மோட்டார் ஸ்டேஷன் வாசலில் வரிசையாகக் கிடந்தாலும், "இது என்னுடையது" என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மிஷின் ஒன்றுக்கு ஒரு பக்கம். கம்பெனி பெயர், மாடல், தகட்டில் அடித்திருக்கும் நம்பர், வாங்கிய தேதி, விலை, கடையின் பெயர் எல்லாம் எழுதுங்கள். பில்லை அதிலேயே ஒட்டுங்கள். வெயிலில் பில் எழுத்து மங்கிப் போகும். அதனால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். கையில் செல்போன் இருக்கிறது. மிஷினை நாலு பக்கமும், நம்பர் தகட்டைக் கிட்டத்திலும் படம் எடுங்கள். படத்தை வீட்டில் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். நோட்டு கடையில் இருக்கக் கூடாது. வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஷினோடு நோட்டும் போய்விடும்!

இன்னொரு வேலையும் உண்டு. நம்பர் தகட்டைத் திருடன் முதலில் பிடுங்கி எறிவான். ஆகவே லேத் பட்டறையிலோ வெல்டிங் பட்டறையிலோ சொல்லி, மிஷினின் உடம்பிலேயே உங்கள் கடையின் பெயர் முதல் எழுத்தையும் ஒரு நம்பரையும் வெட்டச் சொல்லுங்கள். வெளியே ஒரு இடம். யாருக்கும் தெரியாத மறைவில் இன்னொரு இடம். சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற நாம் லட்ச ரூபாய் மிஷினில் வெட்டாமல் விடுகிறோமே!

பூட்டு மட்டும் போதுமா?

கீழவீதியோ மேலவீதியோ, மஞ்சக்குப்பமோ திருப்பாதிரிப்புலியூரோ, பெரும்பாலான கடைகளுக்கு முன்னால் உறுதியான ஷட்டர். இரண்டு பக்கமும் பூட்டு. ஆனால் பின்னால்?

பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு தட்டு தட்டினால் பொளக்கும். அல்லது புகை போக எக்ஸாஸ்ட் பேன் வைத்த ஓட்டை. இல்லாவிட்டால் கக்கூஸ் பக்கம் துருப்பிடித்த கதவு. சந்திலேயே சாத்தி வைத்த ஏணி. திருடன் வீதி விளக்கு வெளிச்சத்தில் வந்து ஷட்டரோடு மல்லுக்கட்ட மாட்டான். பின்னால்தான் வருவான். ஆகவே ஒருநாள் ராத்திரி உங்கள் கடையை நீங்களே பின்பக்கம் போய்ப் பாருங்கள். நீங்கள் திருடனாக இருந்தால் எந்த வழியாக நுழைவீர்கள்? அந்த வழியை அடையுங்கள்.

கூரைக்கு அடியில் இரும்புக் கம்பி கிரில். ஓட்டைக்குக் குறுக்குக் கம்பி. பின்வாசலில் ஒரு விளக்கு. ஷட்டருக்கு நடுவிலும் ஒரு பூட்டு. இவ்வளவும் சேர்த்தாலும் ஒரு மோட்டார் விலை ஆகாது.

மிஷினைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட் போட்டால் ஸ்பானர் கொண்டுவந்து கழற்ற மாட்டானா என்று கேட்கலாம். இறுக்கியபின் நட்டின் மேல் ஒரு சொட்டு வெல்டிங் வைத்துவிட்டால் ஸ்பானர் வேலைக்கு ஆகாது. அறுக்க வேண்டும். அறுத்தால் சத்தம் வரும். நேரம் ஆகும். சத்தமும் நேரமும்தான் திருடனுக்கு எமன்.

கேமரா வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். படம் பதிவாகும் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். திருடன் போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போகிறான்! பெட்டியை மறைவான இடத்தில் பூட்டி வையுங்கள். கேமரா முகத்தைப் பார்க்க வேண்டும், தலை உச்சியை அல்ல. கரண்ட் போனாலும் ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை சோதியுங்கள். களவு போன மறுநாள்தான் "மூணு மாசமா கேமரா ஓடலை" என்று தெரிந்து தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

சாவி யார் கையில்?

பூட்டு உடையவில்லை. கூரை பிரியவில்லை. ஆனால் சாமான் இல்லை. அப்படியானால் சாவி எத்தனை, யார் யார் கையில் என்று எண்ண வேண்டியதுதான்.

வேலை செய்கிறவர்களை எல்லாம் சந்தேகப்படச் சொல்லவில்லை. உண்மையாக உழைக்கிற பையனுக்கும் இது பாதுகாப்பு. எந்தச் சாவி யாரிடம் என்று எழுதி வைத்திருந்தால் வீணாக ஒருவன் மேல் பழி விழாது. வேலையை விட்டு ஒருவர் நின்றால் அன்றைக்கே பூட்டை மாற்றுங்கள். வேலைக்காரரே முதலாளியின் பொருளைத் திருடினால் சட்டத்தில் 7 வருஷம் வரை தண்டனை. சாதாரணத் திருட்டுக்கு 3 வருஷம்தான். நம்பிக்கைக்குச் செய்த துரோகத்துக்குச் சட்டம் போடும் கூடுதல் விலை அது.

கடலூர் முதுநகர் மீனவர்களைப் பாருங்கள்!

இதில் நமக்கெல்லாம் வாத்தியார்கள் நம் கடற்கரைக்காரர்கள்தான்.

கண்ணாடியிழைப் படகில் கடலுக்குப் போய் வருகிறவர்கள் கரை சேர்ந்ததும் என்ன செய்கிறார்கள்? எஞ்சினைக் கழற்றுகிறார்கள். கழியில் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகக் காவடி போலத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்திரமான இடத்தில் வைக்கிறார்கள். படகு மணலில் கிடக்கும். எஞ்சின் கிடக்காது. எது விலை உயர்ந்ததோ, எதைச் சுலபமாகத் தூக்கலாமோ, அது ராத்திரியில் கண்ணுக்கு எட்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அதே கணக்கைக் கடையில் போடுங்கள். எடை மிஷின், டிரில்லிங் மிஷின், லேப்டாப், பில் அடிக்கும் மிஷின் இவைதான் சுலபமாகப் போகும் சாமான்கள். பூட்டிய இரும்பு அலமாரியில் வையுங்கள். முடிந்தால் வீட்டுக்கே எடுத்துப் போங்கள்.

தண்ணீர் என்ற திருடன்

நம் ஊருக்குத் திருடனை விடப் பெரிய எதிரி ஒருவன் உண்டு. அவன் பூட்டை உடைக்க மாட்டான். கதவிடுக்கு வழியாகவே வருவான். தண்ணீர்!

2004 டிசம்பர் 26ல் சுனாமி. தேவனாம்பட்டினத்திலும் கிள்ளை பக்கத்திலும் படகும் எஞ்சினும் வலையும் போனது. 2011ல் தானே. 2015 நவம்பரில் மாவட்டமே மிதந்தது. 2020 டிசம்பரில் புரெவி புயல் மழையில் சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலை அடுத்து, சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை கடலூரில் ஊருக்குள் பாய்ந்தது.

வெள்ளாறும் கொள்ளிடமும் வீராணமும் சூழ்ந்த பூமி இது. கார்த்திகை வந்தால் தண்ணீர் வரும் என்று தெரிந்தே கடை வைத்திருக்கிறோம். ஆகவே மோட்டார், பிரிட்ஜ், ஜெராக்ஸ் மிஷின், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் தரைமேல் உட்காரக் கூடாது. போன வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டம் சுவரில் கறையாகத் தெரியும். அதற்கு ஒரு முழம் மேலே மேடை கட்டுங்கள். சுவிட்ச் போர்டும் அதற்கு மேலேதான்.

மழை எச்சரிக்கை வந்தால் மெயினை அணைத்துவிட்டுப் போங்கள்.

வெள்ளம் வடிந்ததும் பலர் செய்கிற தப்பு ஒன்று உண்டு. "ஓடுதா பார்ப்போம்" என்று ஈர மோட்டாருக்கு சுவிட்சைப் போடுவார்கள். டப்! வைண்டிங் கருகிவிடும். உயிருக்கும் ஆபத்து. சும்மா விட்டிருந்தால் பிழைத்திருக்கும் மோட்டார் அந்த ஒரு நொடியில் செத்துப் போகிறது. சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, பிரித்துக் காயவைத்து, எலெக்ட்ரீசியன் மெக்கர் வைத்துச் சோதித்துச் சொன்னபிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.

கடலோரக் கடைகளுக்கு உப்புக் காற்று வேறு. போல்ட், ஷட்டர், பூட்டு எல்லாம் சீக்கிரம் துரு ஏறும். கிரீசும் எண்ணெயும் மாதம் ஒரு தரம் போடாவிட்டால் பூட்டைத் திருடன் உடைக்க வேண்டியதில்லை. தானாகவே உதிரும்.

இன்சூரன்ஸ்: படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்!

"இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று தைரியமாக இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கொள்ளைக்கான பாலிசி என்பது வேறு, திருட்டு என்பது வேறு! பாலிசியில் 'பலவந்தமாக உடைத்து உள்ளே நுழைந்து நடந்த திருட்டு' என்று எழுதியிருந்தால், பூட்டோ கதவோ கூரையோ உடைந்த அடையாளம் இருக்க வேண்டும். 2004ல் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. பட்டப்பகலில் வாடிக்கைக்காரர் மாதிரி வந்து தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பாலிசியில் காசு வராது. சாதாரணத் திருட்டும் சேருமா, வேலையாள் செய்த திருட்டு சேருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது புயல், வெள்ளம், தீ. 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று ஒரே மாதிரியான பாலிசி எல்லா பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளிலும் இருக்கிறது. அதில் ஒரு நல்ல அம்சம். புயலோ வெள்ளமோ வந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் திருட்டு நடந்தால் அதற்கும் ஈடு உண்டு.

ஏழே நாள்தான்! எட்டாவது நாள் போனால் அது தனித் திருட்டு. ஆகவே புயல் அடித்த மறுநாளே கடையை வந்து பாருங்கள். கதவை அடையுங்கள். ஆள் போடுங்கள்.

மூன்றாவது, தொகை. நாலு லட்ச ரூபாய் மிஷினுக்கு, பிரீமியம் மிச்சம் என்று இரண்டு லட்சத்துக்கு மட்டும் இன்சூர் செய்கிறார்கள். ஒரு லட்சத்துக்குச் சேதம் வந்தால் முழு லட்சமும் வரும் என்று நினைப்பு. வராது. பாதி மதிப்புக்குத்தானே இன்சூர் செய்தீர்கள், சேதத்திலும் பாதிதான், 50 ஆயிரம், என்று கணக்குப் போடுவார்கள்.

கடன் வாங்கி வாங்கிய மிஷினுக்குப் பாங்கிக்காரர்களே இன்சூரன்ஸ் போட்டுவிடுவது உண்டு. அந்தப் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த மிஷின், எந்த விலாசம் என்று பாருங்கள். கடையை வேறு வீதிக்கு மாற்றிவிட்டு விலாசத்தை மாற்றாமல் விட்டால் வம்பு.

களவு போய்விட்டால்?

உள்ளே போய் எதையும் தொடாதீர்கள். பதறிப்போய் உடைந்த பூட்டைக் கையில் எடுப்பதும், கடையைப் பெருக்குவதும் கூடாது. கைரேகையும் கால்தடமும் அங்கேதான் இருக்கும். 100க்கோ 112க்கோ போன் செய்யுங்கள்.

ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுங்கள். "இது எங்க எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்று இனி விரட்ட முடியாது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவுப்படி எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். மின்னணு வழியிலும் அனுப்பலாம். 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம்.

பூட்டிய கடைக்குள் நடந்த திருட்டை 305வது பிரிவில் போடுவார்கள். பொருள் வைக்கும் கட்டிடத்தில் திருடினால் 7 வருஷம் வரை ஜெயில். ராத்திரியில் உடைத்துப் புகுந்து திருடினால் 331வது பிரிவில் 14 வருஷம் வரை போகலாம். இதற்கு முன் நடந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும்.

அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தகவல் கொடுங்கள். போலீசார் தேடியும் பொருள் கிடைக்கவில்லை என்றால் அதற்கான சான்றிதழை வாங்கி வையுங்கள். இன்சூரன்சுக்கு அது வேண்டும்.

கிடைத்துவிட்டால்? மீட்ட மிஷின் வழக்கு முடியும் வரை ஸ்டேஷன் வாசலில் மழையில் கிடந்து துருப்பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2002ல் ஒரு குஜராத் வழக்கில் சுப்ரீம் கோர்ட், போட்டோ எடுத்து, விவரம் எழுதி, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு பொருளைச் சீக்கிரம் உரியவரிடம் கொடுக்கலாம் என்று சொன்னது. புதிய சட்டத்தின் 497வது பிரிவு அதற்கு நாளே குறித்திருக்கிறது. 14 நாளில் விவரப் பட்டியல், படம். அதன்பின் 30 நாளில் உத்தரவு. வக்கீல் மூலம் கோர்ட்டில் மனுப் போடுங்கள். அப்போது கோர்ட் கேட்கும் முதல் கேள்வி: "இது உங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி?"

நாற்பது பக்க நோட்டு அங்கே பேசும்!

ஊர் கூடினால் திருடன் ஓடுவான்

நெய்வேலி சுரங்கத்துக்கு மத்திய தொழில் பாதுகாப்புப் படை காவல் நிற்கிறது. நம் கடைக்குப் படையா வரும்? வராது. ஆனால் ஒரு வீதியில் இருபது கடை இருக்கிறது. இருபது பேரும் சேர்ந்தால் ஒரு இரவுக் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க முடியும். தலைக்குப் பார்த்தால் மாதத்துக்கு டீச் செலவுதான். ஒருவர் கேமரா பக்கத்துக் கடை வாசலையும் பார்க்கிற மாதிரி வைக்கலாம். வெளியூர் போனால் பக்கத்துக் கடைக்காரரிடம், "அண்ணே, நாலு நாள் ஊர்ல இல்லை, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதற்கு என்ன செலவு?

பெரியகுப்பம் ஆலையில் இல்லாமல் போனது இரும்பும் பூட்டும் அல்ல. இது என் சொத்து என்று தினமும் வந்து பார்க்கிற ஆள் இல்லாமல் போனார். கோடிகள் போட்ட ஆலைக்கு இல்லாத அந்தக் காவல், நாலு பேர் ஒற்றுமையாக இருந்தால் நம் சின்னக் கடைக்குக் கிடைக்கும்.

இன்றைக்குக் கடை மூடும் முன் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். மிஷின் நம்பரை எழுதுங்கள். படம் எடுங்கள். பின்வாசலைப் பாருங்கள். அதற்குப் பிறகு ஷட்டரை இழுத்து விடுங்கள்!